ஏன் அக்காவின் ஒரு வாரம்

மவுஸைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, வாலைச் சுருட்டி, என் தையல் மேசைமேல் வைத்தாள். "அண்ணி, இதை ஒரு வாரத்துக்கு எங்கயாவது ஒளிச்சு வைங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மறுநாள் மத்தியானமே வந்து நின்றாள். "ஒரே ஒரு நிமிஷம் அண்ணி, அவசரம்." நான் நூலைப் பல்லில் கடித்தபடி முடியாது என்று தலையாட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். வாரம் முடிந்து பெட்டியைத் திறந்து கொடுத்தபோது, "பரவால்ல அண்ணி, மவுஸ் இல்லாம வேலை செய்யறதுல நாலு விஷயம் நல்லாத்தான் இருக்கு. பாக்கி எல்லாம் வீம்பு," என்றாள். அப்படியே உட்கார்ந்து, மவுஸைத் தொடாதவன்தான் உண்மையான ப்ரோகிராமர் என்று இணையத்தில் மார்தட்டிய யாரோ ஒருவருக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள்.

இவள் என் நாத்தனார். பஸ் கம்பெனி ஒன்றில் ப்ரோகிராமர். அங்கே பயணிகளுக்கு இடம் பதிவு செய்யும் கவுன்ட்டர்களில் ஓடுகிற மென்பொருள் இவள் எழுதியது. ஆபீஸுக்குப் போகாத நாட்களில் எங்கள் முன்னறைதான் இவளுக்கு ஆபீஸ். ஜன்னலோரம் அவள் கம்ப்யூட்டர், எதிர்ச் சுவரோரம் என் தையல் மெஷின். இரண்டுக்கும் ஒரே ப்ளக் பாயிண்ட் என்பதால் எங்களுக்குள் அவ்வப்போது தகராறு வரும். மற்றபடி நல்ல சிநேகிதம்தான்.

ப்ரோகிராமர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்று இருக்கிறது. பேசும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டரை ஓட்ட விண்டோஸ் உசத்தியா, லினக்ஸ் உசத்தியா, ப்ரோகிராமின் வரிகளை, அவர்கள் பாஷையில் கோடு, எழுத எந்த எடிட்டர் நல்லது, வரியின் தொடக்கத்தில் விடும் இடத்தை டேப் பட்டனால் விடுவதா ஸ்பேஸ் பட்டனால் விடுவதா என்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத மனிதர்கள் அங்கே பங்காளிகளைப் போல அடித்துக்கொள்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும் இவள் போடும் முதல் பதில் "ஏன்?" என்பதுதான். அதனால் அங்கே இவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சண்டை போடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இவள் மாதிரி சண்டை போடுகிறவர் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை. எதை எதிர்க்க வேண்டுமோ அதை முதலில் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வாள். ஒரு வாரம் தன் சொந்த வேலை முழுவதையும் அதிலேயே செய்வாள். அதன் பிறகுதான் வாயைத் திறப்பாள். "ஒண்ணைத் திட்டணும்னா அதோட ஒரு வாரம் குடும்பம் நடத்திப் பாத்திருக்கணும் அண்ணி. எட்ட நின்னு திட்டறது யாருக்கு வேணா வரும்."

அந்த வாரம் எங்களுக்கும் கஷ்டகாலம்தான். பாட்டு கேட்கலாம் என்று போனால் கம்ப்யூட்டர் புது முகம் காட்டும். எதை அழுத்தினால் எது வரும் என்று அவளுக்கே தெரியாது. என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், காலையில் பல் தேய்த்துக்கொண்டே முன்னறையை எட்டிப் பார்த்து, "இந்த வாரம் எந்தக் கட்சி?" என்று கேட்பார். அவள் முகத்தைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். இவள் லினக்ஸ் கட்சி, அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தால் விண்டோஸ்.

காரசாரமாகப் பதில் எழுதும்போது இடது காதுமடலை இழுத்துக்கொண்டே இருப்பாள். எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டுவாள். எனக்கு அதில் பாதி புரியாது. அதனால்தான் என்னிடம் வாசிக்கிறாளாம்.

"இதைப் போட்டா அவருக்கு வலிக்குமா அண்ணி?"

"வலிக்கும்."

"அவர் சொன்னது தப்புங்கறது புரியுதா?"

"அதுவும் புரியுது."

"சரி, போடறேன்."

இவளுடைய நிரந்தர எதிரி ஒருவர் உண்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. விண்டோஸை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டில் அவருக்கு 'ஜன்னல்காரர்' என்று பெயர் வைத்துவிட்டோம். "லினக்ஸை என் கடைக்குள்ள விட மாட்டேன். செருப்போட வாசல்லயே நிக்கட்டும்," என்று எழுதியவர். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்று இவள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். "விஷமான்னு தெரிஞ்சுக்க ஒரு வாய் குடிச்சுப் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். அன்று இவள் காதுமடல் சிவந்து போயிருந்தது.

கோடு எழுதும் ஒழுக்கத்தில் இவளுக்கு உயிர் எது என்றால், பெயர் வைப்பது. மென்பொருளுக்குள் வரும் ஒவ்வொன்றுக்கும் அது என்னவென்று தெரிகிற மாதிரி பெயர் இருக்க வேண்டும். சோம்பல்பட்டு வெறும் ஓர் எழுத்தை வைத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் பிடிக்காது. அப்படி எழுதிக் கொண்டுவந்து காட்டிய ஒருவரிடம், "உங்க பிள்ளைங்களுக்கும் ஒண்ணு, ரெண்டுன்னுதான் பேர் வெச்சீங்களா?" என்று கேட்டாள். அவர் குழுவை விட்டே போய்விட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்பக் கூட்டிவந்தவளும் இவளேதான். "பேர் இல்லாத பொருள் என் கோடுல கிடையாது," என்று எல்லோரும் பார்க்க எழுதி வைத்திருந்தாள். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் இவளுக்கு ஒரு பெரிய வெற்றி வந்தது. கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் பழையவை. புது விண்டோஸை அவை தாங்காது என்று ஆனதும், கவுன்ட்டர்கள் அத்தனையையும் லினக்ஸுக்கு மாற்றலாம் என்று இவள் சொன்னாள். மேனேஜர் முதலாளியைக் கேட்டார், முதலாளி தலையாட்டிவிட்டார். இத்தனை நாளும் இணையத்தில் தொண்டை வற்றக் கத்திய விஷயம் கைமேல் பலித்துவிட்டது. அதே சூட்டில், தான் முன்பு எழுதிய மென்பொருளையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். பழையதில் வெறும் வரி வரியாக சீட்டு எண்கள் வரும், அவ்வளவுதான். புதியதில் மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு முழு பஸ், உள்ளே குட்டி குட்டியாக சீட்டுகள், காலி என்றால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே ஏறி உட்கார வேண்டும் போல இருந்தது.

குழுவில் படத்தையும் மாற்றப்போகும் தேதியையும் போட்டாள். கொண்டாட்டம் தாங்கவில்லை. ஜன்னல்காரர் மட்டும், "வாழ்த்துகள். கவுன்ட்டர் நின்னுபோற அன்னிக்குக் கூப்பிடுங்க, வந்து விண்டோஸ் போட்டுத் தரேன்," என்று எழுதினார். இவள் பதிலே போடவில்லை. ஜெயித்தவள் எதற்குப் பேச வேண்டும்!

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். இவள் காபியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சும்மா ஒரு சந்தேகம்.

"பிடிக்காததை எல்லாம் ஒரு வாரம் வெச்சுப் பாக்கறியே, இதை வெச்சுப் பாத்தியா?"

"இதை எதுக்கு அண்ணி? இது என்னோடது."

"ஏன்? உன்னோடதுன்னா பாக்கக் கூடாதா?"

நான் 'ஏன்' என்றதும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கை காதுமடலுக்குப் போயிற்று. மறுநாள் காலையில் புது மென்பொருளை எடுத்துக்கொண்டு, கவுன்ட்டரில் உட்கார்ந்து ஆட்களோடு வேலை செய்து பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

முதல் கவுன்ட்டரில் சிக்கல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை, அங்கிருந்த பெண் படத்தைப் பார்த்துவிட்டுக் கைதட்டினாளாம். மூன்றாவது, போனில் கேட்பவர்களுக்கு இடம் போட்டுக் கொடுக்கும் கவுன்ட்டர். அங்கே இருப்பவருக்குக் கண் தெரியாது. ஒரு காதில் போனில் பேசும் பயணி, இன்னொரு காதில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கம்ப்யூட்டரின் குரல். அந்தக் குரலை அவர் வைத்திருக்கும் வேகத்தில் நமக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடாது. அவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பேசுகிற வாடிக்கைப் பயணிகள் உண்டு. கம்பெனியில் எல்லோரும் அவரை மூணாம் கவுன்ட்டர் என்றே சொல்வார்கள். வாய் கொஞ்சம் நீளம்.

பழைய மென்பொருளில் அவருக்கென்று யாரும் தனியாக எதுவும் செய்திருக்கவில்லை. எல்லாம் எழுத்தாக இருந்தது, குரல் வாசித்தது, அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அதனாலேயே புதியதை எழுதும்போது இவளுக்கு அவர் நினைவு வரவில்லை. அன்று அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, "எனக்கு ஒரு காது குடுங்க," என்று ஹெட்போனில் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்தாள்.

குரல் சொன்னது: "படம்." அவர் பட்டனைத் தட்டினார். "படம்." மறுபடி தட்டினார். "படம். படம். படம்."

"என்ன மேடம், பஸ் முழுக்கப் படமா ஏறி உக்காந்திருக்கு? போன்ல ஒரு மனுஷி காத்துட்டிருக்காங்க, அவங்களுக்கு இடம் இருக்கா இல்லையா?"

அந்த அழகான பஸ்ஸில் ஒரு சீட்டுக்குக்கூட இவள் பெயர் வைத்திருக்கவில்லை. கண்ணால் பார்க்கிறவர்களுக்குப் பச்சையும் சிவப்பும் போதும் என்று விட்டுவிட்டாள். பெயர் இல்லாததை அந்தக் குரல் வேறு எப்படிச் சொல்லும்? படம் என்றுதான் சொல்லும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. தேதி சொல்லியாயிற்றே என்று பதறினார். "தள்ளிப்போச்சுன்னா முதலாளி இந்தப் பேச்சே வேண்டாம்னுடுவாரும்மா. ஒண்ணு பண்ணலாம். அவரை வரவேற்பு மேசையில உக்கார வெச்சுடலாம். வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னா போதும். சம்பளம் அதேதான்." மூணாம் கவுன்ட்டர்காரர் அங்கேயே இருந்தார். "வணக்கம் சொல்றதுக்கு ரெக்கார்ட் போட்டுடலாமே சார், நான் எதுக்கு?" என்றார். யாரும் சிரிக்கவில்லையாம். இவள், எனக்கு மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க, அதுக்கப்புறமும் அவர் இந்த நாற்காலியிலதான் இருப்பார், இல்லாட்டி பழையதே ஓடட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் பேர் வைக்கல அண்ணி. ஊருக்கெல்லாம் சொன்னேன். நான் வைக்கல."

"இப்போ வெச்சுடேன். என்ன கெட்டுப்போச்சு?"

"பேர் வெச்சா மட்டும் போதாது. கண்ணுன்னா ஒரே பார்வையில முழு பஸ்ஸும் தெரிஞ்சுடும். காதுக்கு ஒண்ணொண்ணா வரணும். அதுக்குள்ள போன்ல இருக்கறவங்க வெச்சுட்டுப் போயிடுவாங்க."

அவள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "அதான் சம்பளம் குறையாதுன்னுட்டாங்களே, நீ எதுக்கு மண்டையை உடைச்சுக்கறே?" இவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "உன் வேலையைப் பிடுங்கிட்டு வாசல்ல உக்கார வெச்சா, சம்பளத்தை வாங்கிட்டுச் சும்மா இருப்பியா அண்ணா?" நான் மனசுக்குள் ஒரு கைதட்டல் போட்டேன்.

அன்றே குழுவுக்கு எழுதினாள். வழக்கம்போல எனக்கு வாசித்துக் காட்டினாள். "நான் ஜெயிச்சுட்டேன்னு எழுதினேன். இன்னும் ஜெயிக்கல. எங்க கவுன்ட்டர்ல ஒருத்தர் காதால வேலை செய்யறவர். நான் எழுதினது அவர்கிட்ட படம் படம்னு சொல்லுது, வேற எதுவும் சொல்ல மாட்டேங்குது. தப்பு லினக்ஸோடது இல்ல, என்னோடது. ஒரு சீட்டுக்குக்கூட நான் பேர் வைக்கல. கோடு முழுக்கக் கீழே போட்டிருக்கேன். திட்டறவங்க தாராளமா திட்டலாம். ஆனா ஸ்கிரீனை அணைச்சு வெச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு வந்து திட்டுங்க."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வலிக்குமா அண்ணி?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"வலிக்கும்."

"சரி, போடறேன்."

கேலி செய்தார்கள், ஏன் மாட்டார்கள்? ஓர் எழுத்துப் பெயர் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் வெறுமனே "படம்" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். ஆனால் சிரித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. விண்டோஸ் கட்சி, லினக்ஸ் கட்சி, டேப், ஸ்பேஸ் என்று பேதமில்லாமல் ஒவ்வொருவராகத் திரையை அணைத்து உட்கார ஆரம்பித்தார்கள். மூணாம் கவுன்ட்டர்காரரும் குழுவில் சேர்ந்தார். யார் என்ன யோசனை சொன்னாலும் அவர் "ஏன்?" என்று கேட்டார். இவள் திணறிப்போனாள். தன்னுடைய ஆயுதத்தாலேயே அடிவாங்குவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்ததாம்.

ஜன்னல்காரரிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. இவள் அதைப் பற்றிக் கவலைப்படாதது மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள், நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது, "அண்ணீ!" என்று ஒரு கத்தல். போட்டது போட்டபடி ஓடினேன். அவர் எழுதியிருந்தார்: "கடையில இருந்த பழைய மெஷின் ஒண்ணுல லினக்ஸ் போட்டேன். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரச் சொன்னேன். ஒரு வாரமா ஸ்கிரீன் இல்லாம ஓட்டிட்டிருக்கேன். குரல் கொட்டாவி விடுது, அதோட வேகத்தைக் கூட்ட வழி கண்டுபிடிச்சு அனுப்பியிருக்கேன். நிறைஞ்ச சீட்டையெல்லாம் எதுக்கு வாசிக்கணும்? ஒரு பட்டனைத் தட்டினா அடுத்த காலி சீட்டுக்குத் தாவற மாதிரி வைங்க. இல்லாட்டி இடம் சொல்றதுக்குள்ள பஸ் கிளம்பிடும். மத்தபடி, விண்டோஸ்தான் உசத்தி."

இவள் அதை நாலைந்து தடவை வாசித்தாள். காதுமடலைத் தொடவில்லை. அந்த மனிதர் சொன்னபடியே தாவும் பட்டனை வைத்தாள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஓர் அதிசயக் காட்சி பார்த்திருப்பார்கள். கறுத்துக் கிடக்கும் திரைக்கு முன்னால் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு தட்டிக்கொண்டே இருப்பாள். என் வீட்டுக்காரர் முதல் நாள் பயந்துபோய், "கரண்ட் இல்லையா? இவ என்ன பண்ணிட்டிருக்கா?" என்று என்னைக் கேட்டார். "பஸ்ல இடம் தேடறா, பேசாம போங்க," என்றேன். சமையலறையிலிருந்து நான் குரல் கொடுப்பேன், ஜன்னலோரம் ரெண்டு சீட்டு வேண்டும் என்று. பருப்பைக் கிளறிவிட்டுத் திரும்புவதற்குள் பதில் வந்துவிட வேண்டும், அதுதான் எங்கள் பரீட்சை. முதலில் பருப்பு அடிப்பிடித்தது. போகப் போக, கரண்டியைக் கையில் எடுக்கும்போதே பதில் வந்தது.

சொன்ன தேதி போய், மாசக் கடைசி வந்தது. "நீங்களும் வாங்க அண்ணி," என்றாள். நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். காலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கதவடியில் ஒரு தடவை சரிபார்த்தேன். பெருமையை மறைக்கத் தெரியாதவள் நான். ஆட்டோவில் போகும்போதே டிரைவரிடம், இவ எழுதினதுதான் இன்னிக்கு அங்க ஓடப்போகுது என்று சொல்லிவிட்டேன். அவள் என் தொடையில் கிள்ளினாள்.

முதலாளியும் மேனேஜரும் மூன்றாம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். திரையில் அந்தப் பஸ், பச்சையும் சிவப்புமாக. "ரொம்ப அழகா இருக்கேம்மா," என்று முதலாளி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதை இவர் எப்படிப் பாப்பார்?" என்றும் மெதுவாகக் கேட்டார்.

போன் அடித்தது. மூணாம் கவுன்ட்டர்காரர் எடுத்தார். "சொல்லுங்கம்மா, எந்த ஊருக்கு?"

என் நாத்தனார் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் திரையின் சுவிட்சை அழுத்தினாள். பஸ் மறைந்தது. முதலாளி என்னவோ சொல்ல வாயெடுத்தார். இவள் மற்ற கையின் விரலை உதட்டில் வைத்தாள்.

திரை அணைந்தது அவருக்குத் தெரியாது. விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. "ஜன்னலோரமாவா? டிரைவருக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கும்மா. போட்டாச்சு, மெசேஜ் வரும், பாத்துக்குங்க," என்றார்.

இவள் விரல் இன்னும் அந்த சுவிட்சின் மேலேயே இருந்தது.